மாயவன் வீட்டுச் சிவப்பு பல்ப்

மாயவன் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். குன்னத்துக்குத் தெற்கே, எங்கள் வெங்காயக் காட்டை ஒட்டி அவர் வீடு. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால், முதலில் மோட்டாரைப் பார்க்க மாட்டார், நம் முகத்தைத்தான் பார்ப்பார். "தண்ணியில்லாம ஓட்டுனீங்களா?" என்பார். இல்லையென்று புளுகினால் அன்றைக்கு வேலை நடக்காது. அப்படிப்பட்ட கோபக்காரர் தன் பெரிய கோபத்தை மட்டும் வாயால் காட்டவில்லை. ஒரு பெட்டியாகச் செய்து ரோட்டோரம் நட்டார்.

எங்கள் பக்கம் காட்டு வீடுகளுக்கும் காலனிக்கும் தபால் நேராக வந்ததில்லை. தபால்காரர் எல்லாவற்றையும் ஊருக்குள் குருமூர்த்தியின் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நாம் சாமான் வாங்கப் போகும்போது அவர் எடுத்துக் கொடுப்பார். ஊர்த்தெருக்காரர் கடிதம் என்றால் அவருக்கு ஞாபகம் இருக்கும். காலனிக்காரர் கடிதம் என்றால் மறந்துவிடும். மாயவன் காலனியில் பிறந்து, சம்பாதித்து, காடு வாங்கி வீடு கட்டியவர். ஆனாலும் குருமூர்த்தியின் மறதி அவரை விடவில்லை.

அவர் மகள் வெற்றிச்செல்வி லேப் டெக்னீசியன் படித்தவள். போன வருஷம் அரசு வேலைக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. அது கடையில் பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்து, தேதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. "நாளைக்குக் குடுக்கலாம்னு வச்சேன், மறந்துட்டேன்" என்றார் குருமூர்த்தி, பருப்பை நிறுத்துக்கொண்டே. வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாயவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுத்த அழைப்பு எப்போது வருமோ தெரியாது. வந்தால் அன்றைக்கே அவள் கையில் இருக்க வேண்டும்.

அவரிடம் பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஒன்றின் வயிற்றைக் காலி செய்து, முன்னால் தபால் போட ஒரு மூடியும் பின்னால் எடுக்க ஒரு கதவும் வைத்தார். தார் ரோட்டு வளைவில் கம்பி நட்டு அதில் மாட்டினார். வேலியோடு வயரை இழுத்து, வீட்டுக்கு முன் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு பல்பைக் கட்டினார். மூடியைத் திறந்தால் பல்ப் எரியும். பின்கதவைத் திறந்து சுவிட்சைத் தூக்கினால்தான் அணையும். கரண்ட்டை நம்பாமல் பைக் பேட்டரியில் ஓட்டினார். தபால்காரர் அரியமுத்துவிடம் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம்தான். "ரோட்டோரமா இருந்தா போட்டுட்டுப் போறேன், எனக்கென்ன" என்றார்.

முதல் தபால் வந்த அன்று கூத்தாகிவிட்டது. எங்கள் காடுகளில் மோட்டார் கொட்டகைக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்தால் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடலாம் என்று அர்த்தம். பக்கத்துக் காட்டுக் கொளஞ்சியம்மாள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு மோட்டாரைப் போட ஓடினாள். நானும் ஓடினேன். ஸ்டார்ட்டரை அழுத்தினால் சத்தமே இல்லை.

"ஏந்தம்பி, வேற கலர்ல போடக்கூடாதா?" என்று அவள் கத்தினாள்.

"நீங்க உங்க பல்பை மாத்துங்க" என்றார் மாயவன். ஊருக்கே பொதுவான வழக்கத்தை மாற்றச் சொல்ல அவருக்குத்தான் வாய் வரும்.

பிறகு எங்கள் கண் பழகிவிட்டது. அந்த பல்ப் எரிந்தால் காடு முழுக்க நிமிர்ந்து பார்க்கும். "மாயவா, தபாலு!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மற்ற காட்டு வீட்டுக்காரர்கள் நாங்களும், எங்கள் கடிதத்தையும் அதிலேயே போடுங்கள் என்று அரியமுத்துவிடம் சொல்லிவிட்டோம்.

புரட்டாசி மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் பல்ப் எரிந்தது. மாயவன் நடக்கவில்லை, ஓடினார். கடிதத்தை எடுத்துப் பார்த்தவர் முகம் கறுத்துவிட்டது. அதைத் திரும்ப முன்மூடி வழியாகவே உள்ளே போட்டார். பல்ப் மறுபடி எரிந்தது.

என்னவென்று போய்க் கேட்டேன். கடிதம் குருமூர்த்தியின் மகள் ஜெயசுதாவுக்கு வந்தது. குடும்பத்தோடு ஆண்டிமடத்துக்குக் கருமாதிக்குப் போயிருந்தார்கள், கடையும் வீடும் பூட்டு. ஷட்டருக்கு அடியில் தள்ளினால் நனைந்துவிடும் என்று அரியமுத்து இங்கே போட்டுவிட்டார்.

"கெடக்கட்டும். அவருக்கு ஞாபகம் வராத மாதிரி எனக்கும் வரல" என்றார் மாயவன்.

நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்வது? அவர் பட்டது அப்படி. பல்ப் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. களையெடுத்த பெண்கள் ஒவ்வொருத்தியாக, "தபாலு எடுக்கலையா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் மாயவன் எரிந்து விழுந்தார்.

சாயங்காலம் வெற்றிச்செல்வி பஸ்ஸை விட்டு வளைவில் இறங்கினாள். பல்பைப் பார்த்ததும் தனக்குத்தான் வந்திருக்கிறதென்று நினைத்திருப்பாள். பெட்டியைத் திறந்தாள், விலாசத்தைப் படித்தாள். உறையின் மேலிருந்த அலுவலகப் பெயர் அவளுக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் அவளுக்கு வந்த உறையிலும் அதே பெயர்தான் இருந்தது.

"அதை அங்கயே வையி" என்று வாசலிலிருந்தே கத்தினார் மாயவன்.

"இதுல தேதி இருக்கும்பா."

"உனக்கு வந்ததுலயும் இருந்துச்சு."

"ஜெயசுதா என்னப்பா பண்ணுச்சு?" என்றவள் பதிலுக்கு நிற்கவில்லை. அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனாள்.

மாயவன் வாசலிலேயே நின்றார். நானும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினாள்.

"வந்துட்டாங்களா?" என்றார்.

"இப்பதான் கடை தெறந்தாங்க. நாளான்னிக்கு இன்டர்வியூவாம். அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சிக்கிச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"கெளம்பும்போது, என்மேல கோவம் இல்லையாம்மான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."