சுவரில் ஒட்டிய டூட்டி லிஸ்ட்

"செவ்வாய். காலை 10.40. ஐசியூ வாசலில் செருப்பு 23 ஜோடி. உள்ளே நோயாளிகள் நான்கு பேர்."

என் நோட்டில் அன்றைய முதல் வரி இது. பக்கத்தின் தலையில் தேதியும் இருக்கிறது. அதை வேண்டுமென்றே இங்கே விட்டுவிடுகிறேன். தேவைக்கு மேல் எழுதிவைத்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

முடிச்சூர் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ரெக்கார்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேஸ் ஷீட்டுகளை அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, தினமும் டூட்டி லிஸ்ட் எழுதி ஒட்டுவது. நாளும் மணியும் குறிக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் எந்தப் படியைத் தண்ணீர் எத்தனை மணிக்குத் தொட்டது என்றுகூட எழுதிவைத்திருக்கிறேன்.

செருப்பு எண்ணுவது எங்கள் வாட்ச்மேன் கண்டுபிடித்த முறை. ஐசியூவுக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். டூட்டி டாக்டர் ஒருவர் நோயாளியின் உறவினரிடம் கன்னத்தில் அறை வாங்கிய பிறகு, பத்து ஜோடியைத் தாண்டினால் எனக்குப் போன் செய்வது என்று ஆனது. ஆளை எண்ணினால் முறைப்பார்கள், செருப்பை எண்ணினால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பார் வாட்ச்மேன்.

அன்று போனில் அவர் குரல் தாழ்ந்திருந்தது. "சார், இருபத்திமூணு கீது. நம்ம எம்டி வந்து படுத்தாகூட இவ்ளோ செருப்பு சேராது." வழக்கமாக இப்படிச் சொன்னால் அவரே முதலில் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

நெஞ்சுவலி என்று காலையில் கொண்டுவந்த கட்டட மேஸ்திரி ஒருவர் உள்ளே இறந்திருந்தார். கேஸ் ஷீட்டின்படி 9.50க்கு ஊசி போடப்பட்டது. 10.05க்கு இதயம் நின்றது. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தும் பயனில்லை. கதவுக் கண்ணாடி வழியாக வெளியே நின்றவர்கள் பார்த்தது அந்த ஊசியை. போட்டவர் இருபத்தாறு வயது ஸ்டாஃப் நர்ஸ். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்.

சாவுச் செய்தியை நர்ஸ் தனியாகச் சொல்லக் கூடாது, டாக்டரும் இன்னொருவரும் சேர்ந்து, வீட்டாரை உட்காரவைத்துத்தான் சொல்லவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு விதி உண்டு. டாக்டர் கை கழுவப் போயிருந்தார். அந்த இரண்டு நிமிடத்தில், உடலைப் போர்த்தத் துணி எடுத்துவர, ஊசி போட்ட அதே சிஸ்டர் வெளியே வந்துவிட்டார். திரும்பும்போது அவர் கையில் வெள்ளைத் துணியைப் பார்த்ததும் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

நான் மாடிப்படி ஏறியபோதே சத்தம் கேட்டது.

"என் மச்சானுக்கு இன்னா ஊசி போட்ட? அத்த சொல்லு மொதல்ல!" கத்தியவர் இறந்தவருடைய மனைவியின் அண்ணன்.

"அண்ணா, டாக்டர் வந்து சொல்வாங்கண்ணா. கொஞ்சம் உக்காருங்க."

"உக்காரவா? நடந்து வந்த மனுசன படுக்கப் போட்டுட்டு என்ன உக்காரச் சொல்றியா நீ?"

செருப்பு ஸ்டாண்டைத் தூக்கி அடித்தார்கள். கதவுக் கண்ணாடி நொறுங்கி சிஸ்டரின் தோளில் கொட்டியது. அவர் துணியை நெஞ்சோடு பிடித்தபடி அசையாமல் நின்றார். நானும் நாலடி தள்ளி, படிக்கட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். போயிருக்க வேண்டும். டாக்டர்தான் ஓடிவந்து நடுவில் நின்று கைகூப்பினார். "உள்ள வாங்க. அவர மொதல்ல பாருங்க. அப்புறம் என்ன அடிங்க." அதில் கொஞ்சம் அடங்கியது. 11.20க்கு போலீஸ் வந்தது.

உடலை எடுத்துப் போகும்போது மைத்துனர் சிஸ்டர் முன்னால் ஒரு கணம் நின்றார். இப்போது கத்தவில்லை.

"ரெண்டு மணிக்கு டூட்டி முடியுது. கூடுவாஞ்சேரிதானே? பாத்துக்கலாம்."

ஊர் அவருக்கு எப்படித் தெரியும் என்று அங்கிருந்த எல்லோரும் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐசியூ வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் டூட்டி லிஸ்ட் ஒட்டுபவன் நான். பெயரும் நேரமும் மட்டும் எழுதினால் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். யாராவது திடீரென்று லீவு போட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வசதியாக இருக்கும் என்று, ஊருக்கு ஒரு கட்டமும் மொபைல் எண்ணுக்கு ஒரு கட்டமும் நானாகவே சேர்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தூரத்திலிருந்தும் படிக்கும்படி பெரிய எழுத்தில்.

சுவரைப் பார்த்தேன். தாள் இல்லை. நான்கு மூலையிலும் டேப் மட்டும் இருந்தது.

சிஸ்டரை இரண்டு மணிக்கு அனுப்பவில்லை. கீழே யாராவது நிற்கிறார்களா என்று வாட்ச்மேன் மூன்று முறை போய்ப் பார்த்துவந்தார். யாரும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. 4.15க்கு, ரயில் வேண்டாம் என்று முடிவு செய்து, ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நானும் ஏறிக்கொண்டேன். ஜன்னலுக்குக் கீழே தலை இருக்கும்படி அவர் தரையில் உட்கார்ந்தார். பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நகரவே இல்லை. ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்று, பின்னால் இருந்தவன் ஜன்னலையே பார்த்தான். ஆம்புலன்ஸ் என்றால் எல்லோரும் எட்டிப் பார்ப்பதுதான். அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பைக் போன பிறகு சிஸ்டர் கேட்டார். "சார், அந்த லிஸ்ட்ல என் நம்பரும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அன்று மாலை 6.10க்குத் தெரியாத எண்ணிலிருந்து அவருக்கு ஒரு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அப்புறம் வரவும் இல்லை. சிம் மாற்றினார். பன்னிரண்டாம் நாள், பெயர் பேட்ஜைத் திருப்பிக் குத்திக்கொண்டு, லேப் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக வேலைக்கு வந்தார். இப்போது லிஸ்ட் நர்ஸ்கள் அறையில், பீரோவுக்குள் இருக்கிறது. பெயரும் ஷிப்டும் மட்டும். ஷிப்டு முடிந்தால் இருவர் இருவராகத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது என்ற போர்டு முன்பும் வாசலில் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் என் மேஜைக்கு வந்து, "பேப்பர் கெடச்சுதா சார்?" என்று கேட்கிறார்.

நான் விசாரித்ததை எழுதிவைத்திருக்கிறேன். வாட்ச்மேன் எடுக்கவில்லை. பெருக்கும் அக்கா, "நான் தொடவேயில்ல, சாமி சத்தியமா" என்றார். கேமராவில் செருப்பு ஸ்டாண்டும் கால்களும் மட்டும் தெரிகின்றன, சுவர் தெரியவில்லை. மூலைகளில் இருந்த டேப் கிழிபடவில்லை, நேராக வெட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் நர்ஸ்களின் பாக்கெட்டில் இருக்கும். அப்படியென்றால் எங்களில் ஒருவர் சிஸ்டரைக் காப்பாற்ற எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்தேன் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மைத்துனரின் சட்டைப்பையிலோ அவர் ஆட்கள் கையிலோ பிளேடு இருந்திருக்கவும் கூடும்.

தாளை எடுத்தது யார், அது இப்போது யாரிடம் இருக்கிறது என்பது உறுதிசெய்யப்படவில்லை.