கொடுவாவுக்குப் பொரி

காரைக்காலுக்கு வடக்கே பூவம் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. கடல் தண்ணீர் ஏறி ஏறி மண் உப்பாகிவிட்டது. நெல் போட்டால் பாதி கருகிப்போகும், மீதியை அறுக்கவே மனசு வராது. நிலம் என் கணவர் பேரிலும் அவருடைய அண்ணன் பேரிலும் கூட்டாக இருந்தது. என் மூத்தார் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாரிஸ் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் பேசும்போதெல்லாம், "அந்த உப்புக் காட்ட வச்சிக்கிட்டு என்னடா பண்ணப்போற, வித்துடலாம்" என்பார். என் கணவர் "சரிண்ணே" என்பார். அண்ணனிடம் அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்றுவிட்டால் அப்புறம் நமக்கென்று என்ன இருக்கிறது? அந்தச் சமயத்தில்தான் மீன்வளத்துறைப் பயிற்சி முகாமுக்குப் போனேன். உப்புத் தண்ணீரிலும் கொடுவா மீன் வளரும், குளம் வெட்ட மானியம் உண்டு, பெண்கள் பேரில் கேட்டால் கூடுதலாகவே உண்டு என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி நானே பேசினேன்.

"மாமா, ஒரு வருசம் குடுங்க. கொடுவா வளத்துக் காட்டுறேன்."

"சரிம்மா. அடுத்த தடவ நான் வர்றப்ப குளத்துல மீனு இருந்தா நிலம் இருக்கட்டும். இல்லன்னா மறுபேச்சு பேசாம கையெழுத்துப் போட்டுடணும்" என்றார்.

மானியத்துக்கு அலைந்த கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். ஒரு நகல் குறைகிறது என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். நான் அஞ்சாவது தடவையும் போய் நின்றேன். கடைசியில் குளம் வெட்டியாயிற்று, தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் ஏரேட்டர் வந்தாயிற்று. தண்ணீருக்குள் ஒரு கருவியும் இறக்கினார்கள். ஆக்சிஜன் குறைந்தால் அது என் போனுக்கு மணி அடிக்கும். நான் பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காக எனக்குத் தகவல் சொன்னதில்லை.

குஞ்சுகள் விரல் நீளத்தில் வந்தன. கொடுவா பொல்லாத மீன், பெரியது சின்னதை விழுங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானும் கூலிக்கு வரும் இரண்டு பெண்களும் இடுப்புத் தண்ணீரில் நின்று அளவு பார்த்துப் பிரித்துவிடுவோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மூத்தார் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது மணி அடிக்க ஆரம்பித்தது. தினமும் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவு என்று கத்தும். நான் ஸ்கூட்டியில் ஓடிப்போய் இரண்டாவது ஏரேட்டரையும் போடுவேன். தீனியை அட்டவணைப்படி, தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். பின்னே எப்படிக் குறையும்? கடல் காற்றுப் பட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று அதையே திட்டினேன். ஒரு நாள் காலையில் ஏழு மீன் செத்து மிதந்தது. உடனே முகாமில் பயிற்சி கொடுத்த மீன்வளத்துறை மேடத்துக்குப் போன் போட்டேன்.

என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வந்ததும் கருவியைச் சோதித்தாள், அது நன்றாக இருந்தது. பிறகு குளத்தடியிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளினாள். கறுப்பாக, அழுகின முட்டை போல நாறியது. அதை விரலால் கிளறியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கொடுவாவுக்கு யாரு பொரி போடுறது?"

பொரியா! சேற்றில் ஊறி உப்பிக் கிடந்தது அவ்வளவும் பொரி. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வரப்பைப் பார்த்தார். எங்கள் வீடு கோட்டுச்சேரியில், அவர் ஆபீஸ் தெற்கே காரைக்காலில். அப்படியிருந்தும் மனுஷன் தினமும் அரை மணி முன்னாலேயே கிளம்பி வடக்கே குளத்துப் பக்கம் வண்டியை விட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

"கோயில் குளத்துல போடுறதுதானே... நல்லது நடக்கட்டும்னு வேண்டிக்கிட்டுப் போட்டேன்" என்றார். "என்னப் பாத்ததும் எல்லாம் மேல வந்து வாயத் தொறக்குதுங்க, மேடம். ஆசையா இருந்துச்சு."

"சார், அது உங்களப் பாத்து வரல. மூச்சு முட்டி வருது."

கொடுவா பொரியைத் தொடாது. அது அத்தனையும் அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுத்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவரைக் குளத்திலேயே தள்ளியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனிடம் வாய் திறக்கத் தெரியாதவர், நிலம் கைவிட்டுப் போகக் கூடாதென்று மீனிடம் போய் வேண்டியிருக்கிறார். மேடமும் சிரித்துவிட்டாள். தீனியை நிறுத்தி, அடித்தண்ணீரை வெளியேற்றி, புதுத் தண்ணீர் விட்டு, ராப்பகலாக ஏரேட்டரை ஓட்டினோம். நாலாம் நாள் மணி அடிக்கவில்லை.

மூத்தார் வந்தார். இறங்கிய மறுநாளே வெள்ளைக் கால்சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகக் கரையில் நின்றார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் ஏன் மேலே வரப்போகிறது?

"எங்கம்மா மீனு?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்று முன்னமே வரச்சொல்லியிருந்த வீச்சு வலைக்காரருக்குக் கை காட்டினேன். வலை விரிந்து விழுந்தது. இழுத்ததும் கரையெல்லாம் வெள்ளி, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒன்று துள்ளி மூத்தாரின் கால்சட்டையில் சேற்றை அடித்தது. அவர் பிரெஞ்சில் "ஓலலா!" என்று கத்திவிட்டு, ஷூவோடு சேற்றில் இறங்கி, அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. நிலத்தரகர். மூத்தார் மீனை விடாமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும், "நான் எப்படிங்க சொல்ல முடியும்? மொதலாளியம்மா பக்கத்துலதான் இருக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க" என்று தோளை என் பக்கம் சாய்த்தார்.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. போனை வாங்கிய என் கை முழுக்கச் செதில். அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்:

"நிலம் விக்கிறதுக்கு இல்லீங்க."