பத்தாவது ஆள்

சாம்ராஜ் அண்ணாச்சியின் மகள் பெனிட்டாவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே எங்கள் தெருமுனையில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் 'டாக்டர் பெனிட்டா' என்றே அச்சடித்திருந்தது. அவள் அதுவரை ஒரு நாள்கூட வகுப்புக்குப் போயிருக்கவில்லை. எங்கள் ஊருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சாமான் விற்கும் கடை அண்ணாச்சியுடையது. எதிரே ஜெராக்ஸ் கடை என்னுடையது. விடுமுறையில் பெனிட்டா கடையில் வந்து உட்கார்ந்தால் போதும், தறிக்காரர்கள் சர்க்கரை ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதல் வருஷம் 'எனக்கு இன்னும் தெரியாது' என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று சொல்லி இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். மூன்றாம் வருஷத்துக்குள் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி வந்தபோது கல்லூரியில் மாணவர்களுக்கும் போட்டார்கள். பெனிட்டா பெயர் கொடுத்தாள், ஊசிக்குப் போகவில்லை. இதெல்லாம் அவளே என்னிடம் பிற்பாடு சொன்னது. விடுதி அறையில் அவர்கள் நாலு பேர். ஒருத்தி முதல் நாளே போட்டுக்கொண்டாள். ஒருத்தி, சீனியர்களுக்கு என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். இன்னொருத்தி, பரீட்சை நேரத்தில் காய்ச்சலை விலைக்கு வாங்குவானேன் என்றாள். பெனிட்டா ஒரு காரணமும் சொல்லவில்லை. ஊசியால் ரத்தம் உறைந்துபோவது பற்றிய கட்டுரைகளைப் போனில் தேடித் தேடிப் படித்தாள். தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று படம் போட்டுப் பாகம் குறிக்கத் தெரியும் அவளுக்கு. அதற்கு மார்க்கும் வாங்கியிருக்கிறாள். பயம் போகவில்லை. படித்தவர்களின் பயத்துக்குப் படிக்க நிறையக் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் கடைசியில் வகுப்பு மறுபடி ஆன்லைனுக்கு மாறியதும் ஊருக்கு வந்தாள். வந்த இரண்டாம் நாள் பெத்துராஜ் கடைக்கு வந்தார். தறி ஓட்டுகிறவர், ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாகப் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து வீசிங் வந்துவிட்டது, கூடவே சர்க்கரை. இப்படிப்பட்ட ஒருவருக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்று பெனிட்டாவுக்கு நன்றாகவே தெரியும். ஊசி போட வீட்டுக்கே வந்து கூப்பிட்ட நர்ஸை அவர் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

"டாக்டரம்மா, நீங்க ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு அண்ணாச்சி."

"ஒண்ணும் செய்யலியா?"

"ஒரு நாள் காய்ச்சல், கொஞ்சம் கை வலி. பயப்பட ஒண்ணுமே இல்ல. நீங்களும் போட்டுக்கிடுங்க."

எதிர்க்கடையிலிருந்து நானும் கேட்டேன். அத்தனை தெளிவாகச் சொன்னாள். நானும் போட்டுக்கொள்வது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். நர்ஸ் செல்வமணி ஊசி போட, பெனிட்டா நோட்டில் பேர் எழுத உட்கார்ந்தாள். பெத்துராஜ் வந்தார். அவர் வந்ததால் பக்கத்துத் தறி பரமசிவனும் வந்தார். பெத்துராஜ் டீ குடித்தால்தான் பரமசிவனும் குடிப்பார், அப்படி ஒரு சிநேகிதம். என்னையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர்.

அங்கேதான் சிக்கல். மருந்துக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் பத்துப் பேர் சேராமல் திறக்கக்கூடாது என்று செல்வமணிக்கு மேலே இருந்து உத்தரவு. பத்தாவது ஆளுக்காக ஒன்பதரையிலிருந்து காத்திருந்தோம். செல்வமணி தெருவில் போன ஒருவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். டீக்கடைக்காரரிடம் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை.

பதினொன்றரைக்குப் பெத்துராஜ் எழுந்தார். "பன்னெண்டு மணிக்கு ஷிப்டு. நான் போறேன். இன்னொரு நாளைக்கெல்லாம் என்னால வர முடியாது, ஆமா."

அது ஷிப்டுக்காகச் சொன்னதல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. விட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

பெனிட்டா பேனாவை மூடினாள். "அக்கா, தெறந்துருங்க. பத்தாவது ஆளு நான்."

செல்வமணி சந்தோஷத்தில் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்: "ரெண்டாவது டோஸா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நோட்டில் முதல் ஊசியின் தேதி எழுத ஒரு கட்டம் இருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. முதல் டோஸ்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்கப்போவதில்லை. கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

"அப்போ அந்தக் காய்ச்சலு?" என்றார் பெத்துராஜ்.

"பொஸ்தகத்துல படிச்சது, அண்ணாச்சி."

"வாரும் வே, போவோம்" என்று பரமசிவன் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள். திறந்த குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு செல்வமணி தலையில் அடித்துக்கொண்டார். பெனிட்டா போய் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை ஏற்றிவிட்டாள்.

விட்டுப்போன செருப்பை எடுக்கப் பெத்துராஜ் மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்தார். அப்போது பெனிட்டா கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி இறங்கும்வரை பெத்துராஜ் செருப்பைக் காலில் மாட்டாமலே நின்றார்.

அதுவரை டாக்டரம்மா என்றவர் சொன்னார்: "ஏட்டி, ஒனக்கே பயமா?"

"ஆமா அண்ணாச்சி. ரொம்ப."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கென்ன? எனக்கு மட்டுந்தான் பயம்னு வெக்கத்துல சாவுதேன் நான்."

வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மீதி இருந்த நாங்கள் ஏழு பேரும் வரிசையாகப் போட்டுக்கொண்டோம். பரமசிவன் அதற்குள் சைக்கிளில் தெருவைத் தாண்டியிருந்தார். பெத்துராஜ் போன் போட்டார், எடுக்கவில்லை. மூன்றரை மணிவரை காத்திருந்துவிட்டு, குப்பியில் மிச்சமிருந்த ஒரு ஆளுக்கான மருந்தோடு செல்வமணி கிளம்பினார்.

அன்று சாயங்காலமே பெனிட்டாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே நாள்தான், கொஞ்சம் கை வலி. பெத்துராஜுக்கு அதுவும் இல்லை.

மே மாதம் பெத்துராஜ், பரமசிவன் இரண்டு பேருக்கும் கொரோனா வந்தது. பெத்துராஜ் எட்டு நாள் வீட்டிலேயே படுத்திருந்து எழுந்துவிட்டார். பரமசிவனைத் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் இறந்துபோனார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது பெனிட்டாவுக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த நினைப்பு அவளுக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

இப்போது அவள் நிஜமாகவே டாக்டர். சிவகிரிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கடைக்கு வந்தால் தறிக்காரர்கள் இன்றும் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்கிறாள். இப்போதும் யாரும் நம்புவதில்லை.

போன மாதம் பெத்துராஜ் வீசிங் மாத்திரை எழுதி வாங்க வந்திருந்தார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், எதையோ விசாரிப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"அன்னைக்குப் பரமசிவன் இன்னும் ரெண்டு நிமிசம் நின்னிருந்தாம்னா, நீ கண்ண மூடுனத அவனும் பாத்திருப்பான்."