பினாயில் ஊற்றிய குழி

எடமலைப்பட்டி புதூரில் எங்களுடையது பால் விற்கிற வீடு. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா தொழுவத்துக்குப் பின்னால் சாண எரிவாயுக் குழி கட்டினார். எல்லாம் அம்மாவுக்காகத்தான். விறகுப் புகை பட்டால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். பாதிச் சமையலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காஸ் அடுப்பு வந்த பிறகு இளைப்பு அடங்கியிருந்தது.

மாதம் ஒருமுறை சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். தரையைக் குனிந்து பார்க்கமாட்டார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். பினாயில் வாடை அடித்தால் சுத்தம், சாண வாடை அடித்தால் அசுத்தம். அந்த மனிதரின் ஆராய்ச்சி அவ்வளவுதான். அவர் வருகிற நாளில் தெருவிலுள்ள பால் வீடுகள் எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி நாறும்.

ஒரு கோடையில் காலரா பயம் வந்தது. தினமும் பினாயில் ஊற்றாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்றார் இன்ஸ்பெக்டர். அப்பாவும் தாராளமாக ஊற்றினார். தொழுவம் கழுவிய தண்ணீர் நேரே குழிக்குத்தான் போகும். சில வாரங்களில் அடுப்பின் சுடர் குட்டையாகி, ஒரு காலையில் பற்றவே இல்லை. குழியும் நாறத் தொடங்கியது. இன்ஸ்பெக்டருக்குப் பயந்து அப்பா குழிக்குள்ளேயே ஒரு டின் பினாயிலைக் கவிழ்த்தார்.

நான் அப்போது காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்ததும் நேரே போய்ச் சொன்னேன்.

"சாணத்துல இருக்கிற கிருமிதான் சார் காஸ் உண்டாக்குது. பினாயில் அதைக் கொன்னுடுச்சு."

"கிருமியக் கொல்லத்தானே பினாயில்?"

"உறை ஊத்தின பால்ல பினாயிலை விட்டா தயிர் தோயுமா சார்? கழுவுற தண்ணியையாவது வேற பக்கம் திருப்பிக்கிறோம்."

"ரோட்டுப் பக்கம் விட்டா அபராதம் போடுவேன்."

அப்பா என்னை முறைத்தார். இன்ஸ்பெக்டரை முறைக்க அவருக்குத் துணிவில்லை. அந்த வாரமே விறகு வந்து இறங்கியது.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். நோட்டில் 'திருப்தி' என்று எழுதினார். வழக்கம்போல அவருக்குக் காபி போட அம்மா அடுப்படிக்குப் போனாள். டம்ளரோடு வந்தபோது அவள் நெஞ்சு விசில் அடித்தது. காபி டபராவில் சிந்தியிருந்தது.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"என்னங்க இது, இப்படி இழுக்குது? வீட்டுக்குள்ளயும் தினம் கொஞ்சம் பினாயில் தெளிங்க."

அப்பா, "சரிங்க சார்" என்றார்.