டேங்கர் அண்ணாத்தே போடும் மதிப்பெண்

செருப்பை மாட்டிக்கொண்டுதான் வீடியோ கேம் விளையாட உட்காருவார் கங்காதரன். வீட்டுக்குள் எதற்குச் செருப்பு என்று கேட்பதை அவர் மனைவி நாகவல்லி எப்போதோ விட்டுவிட்டாள். "வெறுங்கால்ல பிரேக்கு கெடைக்காதுமே" என்பார். கையில் இருப்பது கண்ட்ரோலர். பிரேக் பிடிக்க வேண்டியது இடது கை ஆட்காட்டி விரல். ஆனால் திரையில் லாரி இறக்கத்தில் இறங்கத் தொடங்கியதும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

அந்த வலது காலுக்காகத்தான் நான் நூம்பலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். தண்ணீர் லாரியின் மேல்மூடியைச் சாத்திவிட்டு ஏணியில் இறங்கியவர், ஈரத்தில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். தகடும் திருகும் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் போய்த் தையலைப் பார்ப்பேன், பயிற்சி கொடுப்பேன். பயிற்சியில் அவர் சரியான திருடர். பத்து முறை காலை அசைத்துவிட்டு இருபது என்று கணக்குச் சொல்வார். அதே ஆள் விளையாட்டில் மலைப்பாதை வந்தால் கேட்காமலே நாற்பது முறை அழுத்தினார். மூன்றாம் நாள் ஒரு தலையணையை மடித்து அந்தக் காலுக்கடியில் வைத்துவிட்டு நான் எண்ணத் தொடங்கினேன். தொடைச் சதை கரையாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்த விளையாட்டுதான். மருத்துவரிடம் இதை நான் சொல்லவில்லை.

வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருடமாக டேங்கர் ஓட்டுகிறார். அவருடைய அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோவது இவர்தான். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "நெல்லுக்கு ஊத்துனா நெல்லு இன்னா, கை காட்டப் போவுதா? இவங்க மூணாவது மாடிலேர்ந்து கை காட்டுறாங்க நர்சம்மா" என்றார். மகன் விஜய் ஓசூரில் வேலை கிடைத்துப் போனபோது விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுப்போனான். தூசி படியாமல் இருக்கட்டும் என்று ஒரு நாள் துடைக்க எடுத்தவர், இன்றுவரை கீழே வைக்கவில்லை.

அவர் ஆடுவது திறந்த உலக விளையாட்டுகள் மட்டும். ஒரு முழு நாட்டையே திரையில் விரித்து வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு கதை இருக்கும். பிடித்தால் அதன் பின்னால் போகலாம், பிடிக்காவிட்டால் கண்ட பக்கம் சுற்றலாம். கங்காதரன் கதைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. "ரோடு கீது, வண்டி கீது. அப்பறம் கத இன்னாத்துக்கு?"

புது விளையாட்டு எது வந்தாலும் அவர் முறை ஒன்றுதான். முதலில் அந்த நாட்டிலேயே கனமான வண்டி எது என்று தேடுவார். அதை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, யாரையும் இடிக்காமல், சிக்னலில் நின்று ஓட்டிப்போவார். ஏற்றத்தில் வண்டி திணறுகிறதா, ஈர ரோட்டில் பிரேக் இழுக்கிறதா, ஹாரன் அடித்தால் ஆள் திரும்பிப் பார்க்கிறானா என்று பார்ப்பார். பிறகு தீர்ப்பு. அதைப் பத்துக்கு இத்தனை என்று சொல்லமாட்டார். "எட்டு ட்ரிப்பு அடிக்கலாம்" என்றால் நல்ல விளையாட்டு. "மூணு ட்ரிப்போட எறங்கிடுவ" என்றால் சுமார்.

தீர்ப்பைக் குரல் பதிவாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் நூற்று நாற்பது பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவர் டேங்கர் அண்ணாத்தே. பதிவு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "டேங்கர் கங்காதரன் பேசறேன். ஓட்டிப் பாத்துட்டேன்." ஓட்டிப் பார்க்காததைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஒரு விளையாட்டில் விமானம் எப்படி என்று கேட்டவனுக்கு, "அது நான் ஓட்டல, என்ன கேக்காத" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொல்லுக்கு அந்தக் குழுவில் இருந்த மதிப்பு அந்த ஒரு பழக்கத்தால் வந்தது. அது போனால் அவரும் நூற்று நாற்பதில் ஒருவர்.

நான் போய்க்கொண்டிருந்த மாதத்தில்தான் 'சால்ட் ரோடு' என்ற விளையாட்டின் மூன்றாம் பாகம் வந்தது. ஆறு வருடமாகக் காத்திருந்தார்களாம். வெளிநாட்டு விமர்சகர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு போட்டிருந்தார்கள். அந்தத் தொண்ணூற்று நான்கை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்த சண்டையை, காலுக்குக் கட்டுத்துணி சுற்றிக்கொண்டே நான் முழுதாகக் கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் கிஷோர் ஒரு பக்கம். விமர்சகர்களுக்கு விளையாட்டு இலவசமாக வருகிறது, பழைய பெயருக்காக மதிப்பெண் போடுகிறார்கள், நாடு பெரிதாக இருந்து என்ன பயன், ஊருக்கு ஊர் ஒரே வேலையைத்தான் தருகிறார்கள் என்பது அவன் கட்சி. ஆவடியில் செல்போன் பழுதுபார்க்கும் தமிழ்வாணன் மறுபக்கம். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து வேலை செய்கிறவன். பேசுவது குறைவு, எழுதினால் ஒரு பக்கம் எழுதுவான். மண்ணுக்கும் வண்டிக்கும் எடை இருக்கிற முதல் விளையாட்டு இது என்று எழுதியிருந்தான்.

"பாட்டு நல்லா இருந்தா பல்லு வெளக்குற கேமுக்கும் ஒம்போது மார்க்கு போடுவ மாமே நீ" என்றான் கிஷோர்.

"நீ ரெண்டு மணி நேரம் ஆடிட்டு மீதிய யூட்யூப்ல பாத்தவன். உன்கிட்ட பேச்சு இன்னா?"

இரண்டு பேரும் கங்காதரனைப் பார்த்தார்கள். நாளைக்கு ஓட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் நான் இருக்கும்போதே ஓட்டினார். அந்த நாட்டில் உப்பளம் ஒன்றின் அருகே ஒரு பம்புசெட்டும், அதன் வளாகத்தில் ஒரு தண்ணீர் டேங்கரும் இருந்தன. ஏறி உட்கார்ந்து, துறைமுகம்வரை நாற்பது நிமிடம் ஓட்டினார். மலை வளைவுகளில் வண்டி சைக்கிள் மாதிரி திரும்பியது. அவருடைய கால் தலையணையை ஒரு முறைகூட அழுத்தவில்லை. நான் எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார். லோடு வண்டி வளைவில் எப்படித் தள்ளும் என்று இவர்களுக்குத் தெரியவே தெரியாது, தொண்ணூற்று நான்கு போட்டவன் லாரி டயரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டான், ஒரு ட்ரிப்போடு இறங்கிவிட்டேன் என்று பேசி அனுப்பினார்.

குழு கொண்டாடியது. தமிழ்வாணன் மட்டும் விடவில்லை. தனக்கு வளைவில் பின்பக்கம் தள்ளியது, பிரேக் பிடித்த பிறகும் ஒரு அடி முன்னால் போனது என்று நீளமாக எழுதினான். அதற்குக் கங்காதரன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ எத்தினி வருசமா டேங்கரு ஓட்ற தம்பி?" அதன் கீழே சிரிக்கும் பொம்மைகளாக வந்து விழுந்தன. மாலைக்குள் தமிழ்வாணன் குழுவை விட்டுப் போய்விட்டான்.

புதன்கிழமை அவன் கடைக்கு விடுமுறை. அன்றைக்கெல்லாம் இந்த வீட்டுக்கு வந்து, பெட்டியில் புதிதாக இறங்க வேண்டியதை இறக்கிக் கொடுத்துவிட்டு, நாகவல்லி கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுப் போவது அவன் வழக்கம். இரண்டு புதன்கிழமைகள் வரவில்லை. குழம்பு மிஞ்சியது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் கங்காதரனின் தலை திரும்பும்.

மூன்றாவது வாரம், கிஷோர் ஏதோ ஓர் ஊரைப் பார்க்கச் சொன்னதற்காக மறுபடி அந்த டேங்கரில் ஏறினார். நாகவல்லி கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு விளையாட்டும் தெரியாது, மதிப்பெண்ணும் தெரியாது. புருஷன் வேலை முடிந்து வந்தால் வழக்கமாகக் கேட்பதைத் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாயா, தண்ணிய எந்தக் கெணத்துல புடிச்ச?"

"இன்னாமே?"

"லாரி ஓட்டிகினு போறியே. எங்க புடிச்ச?"

அவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்து விளையாட்டில் அவர் நடுரோட்டில் நிறுத்தியது அந்த ஒரு முறைதான்.

நடந்தது இது. இவர்கள் தொழிலில் தண்ணீர் பிடித்த வண்டியை முகப்பு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்துவார்கள். காலி வண்டியின் முகப்பு கிணற்றுப் பக்கம் இருக்கும். ஏறப்போகிற டிரைவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை. நிற்கிற திசையே சொல்லிவிடும். விளையாட்டில் அந்த டேங்கர் ரோட்டைப் பார்த்து நின்றிருந்தது. லோடு ஆகிவிட்டது என்று எண்ணி ஏறி ஓட்டிவிட்டார். விளையாட்டைச் செய்தவனுக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? தண்ணீர் பிடித்து ஓட்டிய தமிழ்வாணனும் கேட்கவில்லை. டேங்கர்காரரிடம் போய்த் தண்ணீர் பிடித்தீர்களா என்று எவன் கேட்பான்?

திரும்பி உப்பளத்துக்குப் போனார். பம்புசெட்டின் பின்னால் ஒரு குழாய் தொங்கியது. அதன் கீழே வண்டியை நிறுத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நிரம்பியதும் எடுத்தார். முதல் வளைவிலேயே கால் தலையணையில் பதிந்தது. துறைமுகம்வரை போய்விட்டு மறுபடி வந்து, இந்த முறை பாதித் தண்ணீர் மட்டும் பிடித்தார். ஏன் பாதி என்று கேட்டேன். நிறைந்த வண்டி அடங்கிப் போகும், பாதி வண்டிக்குள் தண்ணீர் ஓடி ஓடி இடிக்கும், அதுதான் ஆளைக் கவிழ்க்கும் என்றார். பாதி வண்டி மூன்றாம் வளைவில் கவிழ்ந்தது. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இத்த செஞ்சவன் எவனோ லாரில உக்காந்து வந்துகீறான்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கிஷோர் வந்தான். விஷயத்தைக் கேட்டு முதலில் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு நல்லெண்ணத்தோடுதான் வழி சொன்னான். "உடு அண்ணாத்தே. எல்லாரும் உன் பக்கம்தான் கீறாங்க. புது அப்டேட்டு வந்துச்சு, அதுல சரி பண்ட்டாங்கன்னு சொல்லிடு. எவனும் தோண்ட மாட்டான்."

அது நடக்கக்கூடிய பொய்தான். இந்த விளையாட்டுகளை விற்ற பிறகும் மாதாமாதம் திருத்திக்கொண்டே இருப்பார்களாம். மறுநாள் காலை நான் பயிற்சி கொடுத்தபோது கங்காதரன் பத்துக்குப் பத்து எண்ணினார். முடிந்ததும் போனை எடுத்தார். ஒரே மூச்சில் பேசினார்.

"டேங்கர் கங்காதரன் பேசறேன். போன தபா சால்ட் ரோடு பத்தி சொன்னது தப்பு. காலி வண்டிய ஓட்டிட்டு லோடு வண்டின்னு சொல்லிட்டேன். தண்ணி புடிக்கல. இருவத்தாறு வருசம் டேங்கரு ஓட்டனவன் தண்ணி புடிக்காம கெளம்பிட்டான், சிரிக்கறவங்க சிரிச்சிக்கலாம். தமிழ்வாணன் சொன்னதுதான் கரீட்டு. அவன் பாத்துட்டு சொன்னான், நான் பாக்காம சொன்னேன். எத்தினி வருசமா ஓட்றன்னு அவன கேட்டேன் பாரு, அத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஊருக்கு ஊரு ஒரே வேல தரான்னு கிஷோரு சொன்னதும் பொய்யில்ல. எத்தினி ட்ரிப்புன்னு இப்ப கேக்காதீங்க. இப்பதான் மொத ட்ரிப்பு எடுத்துகீறேன்."

அனுப்பிய பிறகுதான், கேட்கவேண்டியவன் குழுவில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போன் செய்தார். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆவடி மருத்துவமனையில் காலுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் நாள். நானும் ஆட்டோவில் கூடப் போனேன். எலும்பு கூடிவருகிறது, வாக்கர் பிடித்துப் பாதி எடை கொடுக்கலாம், நீண்ட நேரம் நிற்கக்கூடாது என்றார்கள். திரும்பும்போது செல்போன் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாக்கரை வெளியே வைத்துவிட்டார்.

கடைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தமிழ்வாணன் பிரித்துப்போட்ட போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "இன்னா சார், போன் ரிப்பேரா?" என்றான். அவன் வாயிலிருந்து அந்த 'சார்' வந்ததும் கங்காதரனின் முகம் கொஞ்சம் சுருங்கியது. காலைப் பார்த்ததும் அவனே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். இவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, சத்தத்தை முழுதாக வைத்து, அவன் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவைத் தட்டினார். வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலில் எடை ஏறுவதைப் பார்த்தேன். உட்காருங்கள் என்றேன். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேரும் திரும்பிக் கேட்டார்கள். தண்ணீர் பிடிக்கவில்லை என்ற இடத்தில் ஒருவர் சிரித்தேவிட்டார். அதைத் தாண்டி, தமிழ்வாணன் பெயர் வரவேண்டிய நேரத்துக்குப் பூந்தமல்லி பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு கடையை ஒட்டிப் போனது. அந்த வரி மொத்தமாக அதில் போய்விட்டது.

பஸ் போய் முடியும்வரை கங்காதரன் காத்திருந்தார். பிறகு ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, போனில் பதிவை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டார்.