அதிமலிவாகக் கடல் கடந்தவர்

லெனர்ட் (லென்) வில்ஃபிரட் ஹாக்பென், 1944–2019. இங்கிலாந்தின் தென்கரையில் ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்து, அந்நகராட்சியின் வரி அலுவலகத்தில் பணியாற்றி, ஓய்வு பெற்ற பின்னரே தம் உண்மையான தொழிலைத் தொடங்கினார். காரோடு பிரான்சுக்குச் செல்ல ஆகக் குறைந்த கட்டணத்தைக் கண்டுபிடிப்பதே அத்தொழில். பிரான்சின் மீது அவருக்குப் பற்றேதும் இருந்ததில்லை. அங்கே மலிவாகப் போய்ச் சேர்வதன் மீதுதான் பற்று.

ஒருவழிச் சீட்டைவிட, அன்றே போய் அன்றே திரும்பும் சீட்டு விலை குறைவு என்பதால் எப்போதும் அதையே வாங்கி, திரும்பும் பாதியைக் குப்பையில் இடுவார்; வீடு திரும்பவும் அதேபோல் இன்னொன்று வாங்குவார். தமக்குக் குமட்டல் தரும் நாளிதழ் ஒன்றைக் அதில் வரும் கப்பல் கட்டணச் சலுகைக் கூப்பனுக்காக மாதக்கணக்கில் வாங்கி, படிக்காமலே கத்தரித்தார். பெட்ரோலில் பாதி விலை என்று காரில் காஸ் டாங்க் பொருத்தினார். கப்பலில் எல்லோரும் பொரித்த மீன் தின்னும்போது, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சை ஜன்னலோரம் அமர்ந்து வெற்றிப் பெருமிதத்தோடு மெல்லுவார்.

இத்தகைய மேதைக்கு வாய்த்த மைத்துனர் கிளைவ் போர்டேஜ், மனைவி மோரீனின் அண்ணன், காரையே ஏற்றிச் செல்லும் கடலடிச் சுரங்க ரயிலில்தான் போவார். அதிலும் எந்த நேர ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் முழுப்பணமும் திரும்பும் என்கிற விலையுயர்ந்த சீட்டில். இதைவிடப் பெரிய ஒழுக்கக்கேட்டை லென் அறிந்ததில்லை.

மகள் ஜில்லியன், பிரான்சின் சேன்ட் ஓமர் ஊரைச் சேர்ந்த திபோ என்பவரை மணக்க முடிவு செய்தாள். அவ்வூர் நகர மண்டபத்தில், 2009 நவம்பர் 14, சனிக்கிழமை, நண்பகலில் திருமணம். திருமணத்தை நடத்திவைக்கும் மேயருக்கு அன்று நடத்த வேறு இரண்டு திருமணங்களும் இருந்தன. யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். மகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியவர் லென். அதற்காக அவர் கண்டெடுத்தது சனிக்கிழமை விடியற்காலைக் கப்பல்.

“வெள்ளிக்கிழமையே போயிடலாம் லென்,” என்றாள் மோரீன்.

“வெள்ளிக்கிழமை ரெண்டு மடங்கு விலை. ஒரு ராத்திரி அங்க தங்கணும் வேற.”

“காத்து அடிச்சா?”

“காத்துக்கு முன்கூட்டியே பயப்படுறவங்களுக்குத்தான் உங்க அண்ணன் வாங்குற சீட்டு. முடிவெடுக்கத் தெரியாதவன் கட்டுற அபராதம் அது.”

திருமணக் கேக்கைக் கொண்டுபோகும் பொறுப்பேற்றிருந்த கிளைவ் மேசையின் மறுபுறம் சிரித்தார். “என் கார்ல ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, லென். சுரங்கத்துல கட்டணம் காருக்குத்தான், தலைக்கில்ல. உனக்கு இனாம்.”

இனாம் என்ற சொல் லென்னைச் சற்றே அசைத்தது. எனினும் கிளைவின் இனாம் என்பதால் சமாளித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காற்று அடித்தது. டோவர் துறைமுகத்தில் எல்லாக் கப்பல்களும் நிறுத்தப்பட்டன. லென் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “கொஞ்ச நேரத்துல தணிஞ்சிரும்,” என்றார்.

“உன் பொண்ணுக்கு இன்னைக்குக் கல்யாணம்டா பாவி!” என்றாள் மோரீன். தொலைபேசியில் அவளே சுரங்கத்துக்கு அந்த விலையுயர்ந்த சீட்டை வாங்கினாள். விலை காதில் விழுந்ததும் லென், தமக்கு நெஞ்சுவலி வருகிறதா என்று சிறிது நேரம் கவனித்துப் பார்த்தார்.

சுரங்க நிலையத்தின் சோதனையிடத்தில் ஒரு பெண் ஊழியர் காரின் பின்புறம் குனிந்து பார்த்தார்.

“இது காஸ்ல ஓடுற வண்டியா, ஐயா?”

“ஆமா. பெட்ரோல்ல பாதி செலவுதான்,” என்றார் லென், பாராட்டை எதிர்பார்த்து.

“ரொம்ப நல்லது. காஸ் வண்டிய சுரங்கத்துக்குள்ள விடுறதில்ல. திருப்பிக்கோங்க.”

சீட்டுகளின் பொடி எழுத்தையெல்லாம் வாழ்நாள் முழுவதும் படித்த மனிதர், சுரங்கத்தின் விதிகளை மட்டும் படித்ததில்லை. இவ்வளவு விலையுள்ளதைப் படிப்பானேன் என்று விட்டிருந்தார். கார் திரும்பியது. மண்டப வாசலில் வெள்ளையுடுப்பில் தெருவையே பார்த்து நிற்கும் ஜில்லியன் அவர் கண்முன் வந்தாள். வாழ்வில் முதன்முறையாக அவருக்கு ஒரு தொகையும் நினைவுக்கு வரவில்லை.

“உங்க அண்ணனக் கூப்பிடு,” என்றார் தணிந்த குரலில்.

கிளைவ் அப்போது ரயிலேற வரிசையில் நின்றிருந்தார். தம் ரயிலை விட்டுவிட்டு வெளியே வந்தார். அதனால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். முடிவெடுக்கத் தெரியாதவர் அல்லவா?

“ஏறு, லென். முன்சீட்டு மோரீனுக்கு. பின்னாடி கேக் இருக்கு, மடியில வச்சுக்க. அபராதம் எதுவும் கிடையாது.”

மூன்றடுக்குக் கேக்கைக் குழந்தைபோல் அணைத்தபடி, லென் கடலுக்கு அடியில் போனார். மேயர் தம் பதவிப் பட்டையைத் தோளில் அணிந்துகொண்டிருந்தபோது மண்டபத்தை அடைந்தார்கள். “அப்பா, கோட்டெல்லாம் கிரீம்!” என்றாள் ஜில்லியன், அழுதுகொண்டே. கிரீமோடுதான் அவளை உள்ளே அழைத்துச் சென்றார்.

மோரீன் வாங்கிய சீட்டின் முழுப்பணமும் மறுவாரமே திரும்பியது. அன்றுமுதல் லென் எல்லோரிடமும் சொன்னது இது: “நான் செலவே இல்லாம கடல் தாண்டியிருக்கேன். கிளைவால முடியுமா?” கிளைவுக்கு அவர் நன்றி சொன்னதற்குச் சான்றில்லை. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் கிளைவின் வீட்டுக்கு ஒரு கேக் போயிற்று. விலை குறைக்கப்பட்டதன் மஞ்சள் ஒட்டுச்சீட்டோடு.

2019 மார்ச் 9 அன்று, மருத்துவமனைப் படுக்கையில், பிரான்சிலுள்ள பேத்தியின் பிறந்தநாளுக்கான ஜூன் மாதக் கப்பல் கட்டணத்தை மோரீனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, “இப்ப வாங்காத, செவ்வாய்க்கிழமை இறங்கும்,” என்றார். அவையே அவருடைய கடைசிச் சொற்கள்.