குற்றாலம் போன ஜீப்பும் பேருந்தில் போன மீன்குஞ்சுகளும்

மின்னஞ்சல் குழு நண்பர்களுக்கு,

இன்று, 1999 ஜூலை 14, புதன்கிழமை.

பாபநாசம் மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் மீன்வளர்ப்புத் திட்டத்தில் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு நான் தலைவன். அம்மக்களின் குளத்தில் விடவேண்டிய மீன்குஞ்சுகளை ஏற்றும் ஜீப்பில், மேலதிகாரி தம் சம்பந்தி வீட்டாரைக் குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டார்.

பிராணவாயு நிரப்பிய பைகளில் குஞ்சுகள், ஜீப் திரும்பும் மாலைவரை தாங்கா. ஆகவே நானும் உதவியாளர்கள் இருவரும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனோம்.

"அண்ணாச்சி, சர்க்கார் மீனுக்கு ஜீப்பு கெடையாதா?" என்றார் நடத்துநர்.

"அது அருவியில குளிக்கப் போயிருக்கு" என்றேன்.

"அப்பம் மீனுக்கு லக்கேஜ் போடணும்லா."

பின்னிருக்கைக்காரர் விடவில்லை. "ஏன் வே, மீனு என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு? பேசாம விசிலடியும்."

குஞ்சுகள் உயிரோடு குளம் சேர்ந்தன. மாலை மேலதிகாரியிடம் அதைச் சொன்னேன்.

"நல்லபடியா சேந்துட்டுல்லா? இனி பஸ்ஸுலயே கொண்டு போயிருங்க. ஜீப்பு எதுக்கு?"

குஞ்சுகளைச் சாகவிட்டிருந்தால்தான் எங்களுக்கு ஜீப் கிடைத்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.